அறுவைக்கு முன் ஒரு டம்ளர் டீ

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் பெரும்பாலான குடும்பங்கள் முதலில் கேட்பது, "ஆபரேஷன் என்னைக்கு?" என்பதுதான். கட்டி உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் நெஞ்சு படபடக்கும். வெட்டி எறிந்துவிட்டால் நிம்மதி என்று தோன்றும். தில்லி கிழக்கு கிட்வாய் நகர் குடியிருப்பில் எங்கள் எதிர் பிளாக் அண்ணாச்சியும் அதையே கேட்டுக்கொண்டுதான் ஃபைலோடு வந்தார். திருநெல்வேலிக்காரர், மத்திய அரசு ஊழியர். அண்ணிக்கு நாற்பத்தொரு வயது. கட்டி மூன்றரை சென்டிமீட்டர், அக்குளில் ஒரு நெறி. ஊரில் யாரோ ஒரு சர்ஜன், அடுத்த வாரமே வந்தால் முழு மார்பையும் எடுத்துவிடலாம் என்று போனில் சொல்லியிருக்கிறார்.

நான் டாக்டர் இல்லை. மருத்துவச் செய்திகளைப் படித்து எழுதுகிறவன். அதை முதலிலேயே சொல்லிவிட்டுத்தான் ஃபைலைப் பிரித்தேன். மாலை நேரம், வீட்டில் டீ வந்தது. காலையில் ஃபில்டர் காபி, மாலையில் இஞ்சி தட்டிய டீ. தில்லி எங்களை இவ்வளவுதான் மாற்றியிருக்கிறது.

அறிக்கையில் மூன்று வரிகள். ஈஸ்ட்ரோஜன் ஏற்பி: நெகட்டிவ். புரோஜெஸ்ட்ரோன் ஏற்பி: நெகட்டிவ். ஹெர்-2: 1+. அடியில் டிரிபிள் நெகட்டிவ் என்று எழுதியிருந்தது.

"மூணும் இல்லன்னா மருந்தே கிடையாதுன்னுதான தம்பி அர்த்தம்? நெட்ல அப்படித்தான் போட்டிருக்கான்."

இல்லை அண்ணாச்சி. மார்பகப் புற்றணுக்களில் பெரும்பாலானவை பெண்மைச் சுரப்பைப் பிடித்துக்கொண்டு வளர்பவை. அவற்றுக்கு டமாக்சிஃபென் போன்ற மாத்திரை கொடுத்து அந்தத் தீனியை நிறுத்தலாம். இன்னொரு வகை ஹெர்-2 என்ற புரதத்தை அளவுக்கு மீறித் தாங்கி நிற்பது. அதற்கு டிராஸ்டுசுமாப் ஊசி. அண்ணிக்கு வந்திருப்பதில் இந்த இரண்டு பிடியும் இல்லை. ஆகவே அந்த இரண்டு மருந்து வரிசைகளும் இங்கே பயன்படாது, அவ்வளவுதான் பொருள். கீமோவுக்கு இந்த வகை நன்றாகவே மசிகிறது. வேகமாகப் பெருகும் அணுக்களைத்தான் கீமோ அதிகம் தாக்கும். இதுவோ வேகத்துக்குப் பேர்போனது.

மேற்கு நாடுகளில் மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குப் பத்துப் பதினைந்து பேருக்கு இந்த வகை. இந்திய ஆய்வுகள் பலவற்றில் நாலில் ஒரு பங்கு, சிலவற்றில் அதற்கும் மேல். நம் பெண்களுக்கு இளவயதிலேயே வருவதும் அதிகம். எனவே இது நமக்கு அபூர்வ நோயில்லை, எய்ம்ஸின் புற்றுநோய் மருத்துவமனையான ஐ.ஆர்.சி.எச். புறநோயாளி வரிசையில் தினமும் நிற்கிற நோய்.

சிகிச்சையில் எது முதலில், எது பின்னால் என்பதுதான் இந்த வகையில் பாதி விஷயம். இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான, நெறிகட்டாத கட்டி என்றால் அறுவையை முதலில் செய்வது சரியாக இருக்கலாம். அதைத் தாண்டினாலோ, அக்குளில் பரவியிருந்தாலோ, இன்றைய வழக்கம் முதலில் கீமோ, பிறகு அறுவை, பிறகு தேவைப்பட்டால் ரேடியேஷன். கட்டியைச் சுருக்கி மார்பைக் காப்பாற்றுவது இதில் ஒரு லாபம். டிரிபிள் நெகட்டிவ் என்ற ஒரே காரணத்துக்காக முழு மார்பையும் எடுக்க வேண்டியதில்லை. அதைவிடப் பெரிய லாபம், மருந்து வேலை செய்கிறதா என்று கண்ணால் பார்த்துவிடலாம். அறுவையில் எடுத்த திசுவில் உயிருள்ள புற்றணு ஒன்றுகூட இல்லை என்று நோயியல் அறிக்கை வந்தால், அந்த நோயாளியின் எதிர்காலம் மிக நன்றாக இருக்கும். மிச்சம் இருந்தால், அடுத்த மருந்துக்குப் போகலாம். முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டால் இந்தத் தகவல் நமக்குக் கிடைக்கவே கிடைக்காது.

மிச்சம் இருந்தவர்களுக்கு என்ன செய்வது என்பதை ஜப்பானும் கொரியாவும் சேர்ந்து சோதித்தன. 2017-இல் வெளியான அந்தச் சோதனையில் கேப்சிடபின் மாத்திரை எடுத்துக்கொண்ட டிரிபிள் நெகட்டிவ் பெண்களில் ஐந்தாண்டு கழித்து உயிரோடு இருந்தவர்கள் 78.8 விழுக்காடு, எடுக்காதவர்களில் 70.3. மாத்திரைதான், வீட்டிலேயே விழுங்குவது.

"அப்ப கீமோன்னா எல்லா ஊர்லயும் ஒண்ணுதானா?" என்றார் அண்ணாச்சி.

ஏறத்தாழ ஒன்றுதான், ஒரு மருந்தைத் தவிர. கார்போபிளாட்டின். பழைய மருந்து, விலையும் அதிகமில்லை. இதைச் சேர்ப்பதா வேண்டாமா என்று உலகம் வெகுகாலம் இழுத்துக்கொண்டிருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை 2010-இல் தொடங்கி பத்தாண்டு பொறுமையாக 717 பெண்களை வைத்துச் சோதித்தது. டாக்டர் சுதீப் குப்தா 2022 டிசம்பரில் அமெரிக்காவின் சான் அன்டோனியோ மாநாட்டில் முடிவைச் சொன்னார். ஐம்பது வயதும் அதற்குக் கீழும் உள்ள பெண்களில், கார்போபிளாட்டின் சேர்த்தவர்களில் ஐந்தாண்டு உயிர்வாழ்வு 77.1 விழுக்காடு; சேர்க்காதவர்களில் 65.9. ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. நூறு பேருக்குப் பதினோரு உயிர் என்பது, காப்புரிமை காலாவதியான ஒரு மருந்து தந்த பலன். புதிய மருந்து வரும்போது அடிக்கிற தம்பட்டத்தில் பத்தில் ஒரு பங்குகூட இதற்கு அடிக்கப்படவில்லை என்பது என் ஆதங்கம்.

அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு விரல் விட்டு எண்ணினார். "நாப்பத்தொண்ணு. அப்ப நம்ம கணக்குல வருது."

வருகிறது. டாக்டரிடம் கேளுங்கள்.

அடுத்தது இம்யூனோதெரபி. இதைப் பற்றித்தான் எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரியும். நம் உடலின் டி-அணுக்களுக்குப் புற்றணுவைக் கொல்லத் தெரியும். ஆனால் அவற்றில் பிடி-1 என்ற நிறுத்தி ஒன்று இருக்கிறது. புற்றணு தன் மேற்பரப்புப் புரதத்தால் அதை அழுத்தி டி-அணுவை முடக்கிவிடும். பெம்ப்ரோலிசுமாப் ஊசி அந்த நிறுத்தியை மூடி வைக்கும். டி-அணு மறுபடி கிளம்பும். கீனோட்-522 என்ற பன்னாட்டுச் சோதனையில், கீமோவோடு இதையும் கொடுத்தபோது கட்டி அடியோடு மறைந்தவர்கள் 64.8 விழுக்காடு, கீமோ மட்டும் என்றால் 51.2. ஐந்தாண்டு உயிர்வாழ்வு 86.6-க்கு 81.7. அமெரிக்கா 2021 ஜூலையில் ஆரம்ப நிலை நோய்க்கு இதை ஒப்புக்கொண்டது. தைராய்டு, அட்ரினல் சுரப்பிகளை இந்த ஊசி சிலருக்கு நிரந்தரமாகக் கெடுத்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

விலைதான் இடி. மூன்று வாரத்துக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். அறுவைக்கு முன் எட்டு, பின் ஒன்பது, மொத்தம் 3,400 மில்லிகிராம். ஒரு ஊசிக்கே லட்சங்கள் ஆகும். அரசு மருத்துவ அட்டை இருப்பவர்களே அனுமதிக்கு அலைய வேண்டிய தொகை. இல்லாதவர்கள் நிலத்தை விற்க வேண்டிய தொகை.

ரிங் ரோட்டுக்கு அந்தப் பக்கம், எங்கள் பால்கனியிலிருந்து கூப்பிடு தூரத்தில், எய்ம்ஸில் இதற்கு ஒரு கேள்வி கேட்டார்கள்: இவ்வளவு மருந்து வேண்டுமா? கல்யாண மண்டபத்தில் நாற்காலி அத்தனையும் நிரம்பிய பிறகு இன்னும் ஐநூறு பேருக்குப் பத்திரிகை அனுப்பி என்ன பயன்? பிடி-1 நிறுத்திகளை மூடுவதற்குச் சிறு அளவே போதும் என்று ஆரம்ப காலச் சோதனைகளிலேயே அடையாளங்கள் இருந்தன. டாடா நினைவு மருத்துவமனை தலை-கழுத்துப் புற்றுநோயில் இதே குடும்பத்து நிவோலுமாபை வெறும் 20 மில்லிகிராம் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு உயிர்வாழ்வு 16.3 விழுக்காட்டிலிருந்து 43.4-ஆக உயர்ந்தது.

எய்ம்ஸில் டாக்டர் அதுல் பத்ரா குழுவினர் டிரிபிள் நெகட்டிவ் பெண்கள் 157 பேரை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்குக் கீமோ மட்டும். மற்றதற்குக் கீமோவோடு ஆறு வாரத்துக்கு ஒருமுறை 50 மில்லிகிராம் பெம்ப்ரோலிசுமாப், மூன்றே முறை. மொத்தம் 150 மில்லிகிராம். முழு அளவில் இருபதில் ஒரு பங்கைக்கூட எட்டாது. 2025 அக்டோபரில் பெர்லினில் நடந்த ஐரோப்பியப் புற்றுநோய் மாநாட்டில் முடிவு வந்தது: கட்டி அடியோடு மறைந்தவர்கள் கீமோவில் 40.5 விழுக்காடு, சிற்றளவு ஊசி சேர்த்தவர்களில் 53.8. பதின்மூன்று புள்ளி வித்தியாசம். முழு அளவு கொடுத்த பன்னாட்டுச் சோதனையில் கிடைத்ததும் ஏறத்தாழ அதே வித்தியாசம்தான்.

இதைக் கேட்டதும் அண்ணாச்சி முகத்தில் வந்த வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைக்க வேண்டியிருந்தது. இது இரண்டாம் கட்டச் சோதனை, சிறியது. முழு அளவையும் சிற்றளவையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்க்கவில்லை. கட்டி மறைந்ததைத்தான் எண்ணினார்கள்; ஆண்டுகள் கழித்து எத்தனை பேர் நலமாக இருக்கிறார்கள் என்பதற்குக் காலம் ஆக வேண்டும். முழு அளவுக்கு வழி இருக்கிறவர்கள் அதை விட்டுவிட்டு இதற்கு மாற வேண்டும் என்று இந்தச் சோதனை சொல்லவில்லை. ஊசியே கிடைக்காது என்று இருக்கிறவர்களுக்கு, டாக்டரோடு உட்கார்ந்து பேச ஒரு ஆதாரம் கிடைத்திருக்கிறது. என்னைக் கேட்டால், இந்தியப் புற்றுநோய் ஆராய்ச்சி போக வேண்டிய திசை இதுதான். மருந்துக் கம்பெனிக்குத் தன் மருந்தைக் குறைத்து விற்கும் ஆர்வம் எங்கிருந்து வரும்? அரசு மருத்துவமனைதான் அந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

"இந்த 1+ என்னது? நெகட்டிவ்னுட்டு ஒண்ணு போட்டிருக்கான்?"

நல்ல கேள்வி. ஹெர்-2 புரதம் கொஞ்சமாக இருக்கிறது, டிராஸ்டுசுமாபுக்குப் போதாது என்று பொருள். இன்றைக்கு அண்ணியின் சிகிச்சையை அது மாற்றாது. ஆனால் நோயெதிர்ப்புப் புரதத்தின் முதுகில் கீமோவை ஏற்றி நேரே புற்றணுவுக்குள் இறக்கும் புதுவகை மருந்துகள் வந்திருக்கின்றன. அவற்றில் டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகான் இந்தக் கொஞ்சம் புரதத்தையே பிடித்துக்கொண்டு வேலை செய்யும் என்று 2022-இல் தெரிந்தது. நோய் பரவியவர்களுக்கு அது ஒரு வழி. 2024 மத்திய பட்ஜெட்டில் சுங்க வரி நீக்கப்பட்ட மூன்று புற்றுநோய் மருந்துகளில் அதுவும் ஒன்று. இந்தப் புதுவகையில் இன்னொரு மருந்து சாசிடுசுமாப் கோவிடிகான். பரவிய டிரிபிள் நெகட்டிவ் நோயில், பல கீமோக்களுக்குப் பிறகு, சராசரி ஆயுளை 6.7 மாதத்திலிருந்து 12.1 மாதமாக நீட்டியது. கேட்கச் சின்ன எண்ணிக்கை. அந்த வீட்டில் இருப்பவர்களுக்குச் சின்னது இல்லை. 2025-இல் வந்த முடிவுகள் இவ்வகை மருந்துகளைப் பரவிய நோய்க்கு முதல் சிகிச்சையாகவே கொண்டுவரலாம் என்கின்றன.

ஃபைலில் இல்லாத ஒரு தாள்தான் எனக்கு உறுத்தியது: பிராக்கா மரபணுச் சோதனை. டிரிபிள் நெகட்டிவ் பெண்களில் நூற்றுக்குப் பத்து முதல் இருபது பேருக்கு இந்த மரபணுவில் பழுது இருக்கும். குடும்பத்தில் வேறு யாருக்கும் புற்றுநோய் இல்லாவிட்டாலும் இருக்கலாம். அப்பா வழியாகவும் வரலாம். பழுது இருந்தால், பரவும் அபாயம் அதிகமுள்ளவர்களுக்கு ஓராண்டு ஓலாபரிப் மாத்திரை உண்டு. நோய் திரும்புவதை அது குறைக்கிறது என்று 2021-இலும், உயிரைக் காக்கிறது என்று அதற்கடுத்த ஆண்டிலும் நிறுவியாயிற்று. அண்ணியின் தங்கைகளும் பெண்ணும் பின்னால் சோதித்துக்கொள்ள வேண்டிவரும். ஒரு பக்க மார்பா, இரண்டுமா, சினைப்பையா என்ற முடிவெல்லாம் இந்தத் தாளைப் பொறுத்தது. அறுவை முடிந்த பிறகு இதைக் கேட்டு வருந்துகிற குடும்பங்கள் உண்டு.

மற்றவை சுருக்கமாக. கீமோ நடக்கும்போது 100.4 டிகிரி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் போட்டுக் காலைவரை காத்திருக்கக் கூடாது, நேரே மருத்துவமனை. பிள்ளை பெறும் எண்ணம் இருப்பவர்கள் கருமுட்டைச் சேமிப்பைக் கீமோவுக்கு முன்பே பேச வேண்டும். முள்சீத்தா இலைக் கஷாயம் பற்றி வாட்ஸ்அப்பில் வருவதை அண்ணாச்சியும் காட்டினார். கீமோவின் போது எந்தக் கஷாயமும் டாக்டருக்குத் தெரியாமல் வேண்டாம். இன்னொன்று, ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே: இந்த வகை திரும்புவதானால் பெரும்பாலும் முதல் மூன்று ஆண்டுக்குள் திரும்பும். ஐந்தைத் தாண்டியவர்களுக்கு அபாயம் நன்றாகவே இறங்கிவிடும்.

இதே நிலையில் ஃபைலோடு இருப்பவர்களுக்கும் நான் கேட்டுக்கொள்வது இதுதான். அறுவைத் தேதி குறிக்கும் முன் மெடிக்கல் ஆன்காலஜி மருத்துவரிடம் ஒருமுறை காட்டுங்கள். கீமோ முன்னால் வேண்டுமா, கார்போபிளாட்டின் உண்டா, பிராக்கா சோதனை எப்போது என்று கேளுங்கள். இம்யூனோதெரபி கைக்கு எட்டாது என்றால், சிற்றளவுச் சோதனை எங்காவது நடக்கிறதா என்றும் கேளுங்கள். இந்தியாவில் நடக்கும் சோதனைகள் சி.டி.ஆர்.ஐ. என்ற அரசுப் பதிவேட்டில் இருக்கின்றன, யாரும் பார்க்கலாம்.