துப்பறியும் கதையும் சமையற் குறிப்பும்

ஆங்கில நாட்டிலும் அமெரிக்காவிலும் ஆண்டுதோறும் கிறிஸ்மஸ் நெருங்கும்போது புத்தகக் கடைகளில் ஒருவகை நாவல்கள் வந்து குவிகின்றன. அட்டையிலே பனி படிந்த ஒரு வீடு, சன்னலில் விளக்கொளி, மேசைமேல் ஒரு கேக், அதனருகில், பார்ப்பவர் கண்ணுக்குச் சற்றுப் பிந்தியே தென்படுமாறு, ஒரு கத்தி. உள்ளே ஒரு கொலை நடக்கிறது. போலீசாரல்லாத ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண்மணி, அதைத் துப்பறிகிறார். கொலையாளி அகப்பட்ட பின்னர் நூலின் கடைசிப் பக்கங்களிலோ, அதிகாரங்களின் நடுவிலோ, கதையில் வந்த பலகாரத்தைச் செய்யும் முறை அளவு தவறாமல் அச்சிடப்பட்டிருக்கிறது. மாவு இத்தனை கோப்பை, சர்க்கரை இத்தனை கோப்பை, அடுப்பின் வெப்பம் இத்தனை பாகை! கொலைக்கும் கேக்குக்கும் என்ன உறவு என்று நீங்கள் கேட்கலாம். அந்த உறவைப் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

இவ்வகை நாவலை ஆங்கிலத்தில் 'கோஸி' என்பர். குளிருக்கு இதமாகப் போர்த்திக்கொண்டு அடுப்பருகே அமர்ந்திருக்கும் சுகத்தைக் குறிக்கும் சொல் அது. ஊர் சிறியது, மாந்தர் ஒருவரையொருவர் அறிந்தவர், இரத்தமும் கொடுமையும் விரித்துரைக்கப்படுவதில்லை. பாடப்புத்தகத்தினுள் துப்பறியும் கதையை மறைத்துவைத்துப் படித்த மாணவர் பலரை என் பணிக்காலத்தில் கண்டிருக்கிறேன். அந்நூல்களைப் பறித்து வைத்ததும் உண்டு. பறித்தவற்றை மாலையில் நானே படித்து முடித்ததும் உண்டு. ஆகவே, படிக்காமல் பழிக்கும் கூட்டத்தில் என்னைச் சேர்த்துவிடாதீர்கள்.

முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. சமையற் குறிப்பை ஆங்கிலத்தில் 'ரெசிப்பி' என்கிறோம். இது இலத்தீன் மொழியில் 'எடுத்துக்கொள்' என்று பொருள்படும் ஏவல் வினை. மருத்துவர்கள் மருந்துச் சீட்டின் தலைப்பில் இச்சொல்லை எழுதி, கீழே மருந்துகளின் பெயரையும் அளவையும் எழுதினர். இன்றும் மருந்துச் சீட்டில் 'ஆர்' என்ற ஆங்கில எழுத்தின் காலைக் குறுக்கே வெட்டினாற்போல ஒரு குறி இருப்பதைக் காணலாம். அது இச்சொல்லின் சுருக்கமே. மருத்துவருக்கு உரியதாயிருந்த சொல் பின்னரே சமையற்கட்டுக்கு வந்தது. மருந்தாயினும் உணவாயினும் 'இதை இவ்வளவு எடுத்துக்கொள்' என்பதே அடிப்படை. அளவு மாறினால் மருந்தே நஞ்சாகிவிடும் என்பதும் உங்களுக்குத் தெரியும்.

துப்பறியும் கதையின் அரசி எனப் புகழ்பெற்ற அகதா கிறிஸ்டி அம்மையார் இவ்வுண்மையை ஏட்டிலன்றிப் பணியிலே கற்றவர். முதல் உலகப் போரின்போது டார்க்கி நகரத்து மருத்துவமனையில் செவிலியாக இருந்து, பின் மருந்து கலக்கும் பகுதியில் பணியாற்றி, 1917ஆம் ஆண்டில் அதற்குரிய தேர்விலும் தேறினார். 1920இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில், கொலைக்குக் கருவியாவது ஸ்டிரிக்னைன் என்னும் நஞ்சு. நம் நாட்டில் வளரும் எட்டிமரத்தின் கொட்டையிலிருந்து எடுக்கப்படுவது அது. அக்காலத்தில் அதை மிகச் சிற்றளவில் சத்து மருந்தாகக் கொடுப்பது வழக்கம். அந்த மருந்தினுள் புரோமைடு உப்பைச் சேர்த்தால் ஸ்டிரிக்னைன் வீழ்படிவாகிப் புட்டியின் அடியில் தங்கிவிடும். நாள்தோறும் மேலிருக்கும் நீரைக் குடித்துவந்தவர், இறுதி நாளில் அடியிலிருக்கும் நஞ்சு முழுவதையும் ஒரே மடக்கில் குடித்துவிடுவார். வேதியியல் வகுப்பில் வீழ்படிவைப் பற்றிப் படிக்கும்போது கொட்டாவி விடுகிற மாணவரும் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவர்! கொலை செய்தவர் யார் என்பதை நான் சொல்லப் போவதில்லை.

இனி, சமையற் குறிப்பின் வேறொரு பண்பைக் கவனியுங்கள். நல்ல குறிப்பில் தேவையான பொருள்கள் அனைத்தும் முதலிலேயே சொல்லப்பட்டுவிடும். பாதி வழியில், 'முன்னரே ஊறவைத்த பருப்பை இப்போது சேர்க்கவும்' என்று புதிதாகக் கூறும் குறிப்பு பயனற்றது. ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் எங்களுக்கு ஒரு பயிற்சி உண்டு: அறிந்த செயலொன்றை, அறியாதவன் செய்யத்தக்கவாறு எழுதுதல். பின்னாளில் என் ஒன்பதாம் வகுப்பு மாணவர்க்கு ரசம் வைக்கும் முறையைக் கட்டுரைத் தலைப்பாகக் கொடுப்பேன். புளி, பருப்பு, மிளகு எல்லாம் ஒழுங்காக எழுதிவிட்டு, அடுப்பிலிருந்து எப்போது இறக்குவது என்பதை எழுதாமல் விட்டவரே வகுப்பில் பாதிப்பேர்.

துப்பறியும் கதைக்கும் இதே நியாயம் உண்டு. ரொனால்டு நாக்ஸ் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் 1929இல் இக்கதைகளுக்குப் பத்து விதிகள் வகுத்தார். அவரே துப்பறியும் கதைகள் எழுதியவர். துப்பறிபவன் காணும் தடயத்தை வாசகனுக்கும் உடனே காட்டிவிட வேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. யாரும் கண்டறியாத புது நஞ்சைப் புகுத்தக் கூடாது என்பது மற்றொன்று. பொருள்கள் யாவும் முன்னரே மேசைமேல் வைக்கப்பட வேண்டும் என்பதுதானே இதன் கருத்து? வேறுபாடு ஒன்றே. சமையற் குறிப்பு, பொருள்களை வரிசையாக வைக்கிறது. கதையாசிரியர் அவற்றைச் சிதறி வைக்கிறார்.

இவ்விரண்டையும் நேராகவே பிணைத்துக் காட்டியவர் அமெரிக்க எழுத்தாளர் ரெக்ஸ் ஸ்டவுட். 1938இல் அவர் எழுதிய நாவலொன்றில், புகழ்மிக்க சமையற்கலைஞர்கள் ஒரு நீரூற்று விடுதியில் கூடுகின்றனர். அங்கு ஒரு போட்டி நிகழ்கிறது. ஒரே குழம்பு ஒன்பது தட்டுகளில் வைக்கப்படுகிறது. ஒவ்வொன்றிலும் ஒரு சுவைப்பொருள் மட்டும் விடுபட்டிருக்கிறது. எதில் எது இல்லை என்பதை நாவினாலேயே கண்டுபிடித்து எழுத வேண்டும். இருப்பதைக் கொண்டு இல்லாததை அறிதல்! துப்பறிவாளன் தொழிலும் இதுவேயன்றோ? அப்போட்டியின் நடுவிலேயே குழம்பைச் சமைத்தவர் கொலையுண்டு கிடக்கிறார்.

இத்துணையும் அறிவு விளையாட்டு. ஆயின், உணவும் கொலையும் சேரும்போது அதைவிட ஆழமான ஒன்று நம்மைத் தொடுகிறது. பிறர் சமைத்த உணவை வாயிலிடும் ஒவ்வொரு முறையும் நாம் அவர் கையில் உயிரை ஒப்படைக்கிறோம். அதை நாம் நினைப்பதேயில்லை. நினைத்தால் உண்ண இயலாது. அந்நம்பிக்கை முறிவதே இக்கதைகளின் உள்ளடக்கம். டயான் மாட் டேவிட்சன் என்பவர் 1990இல் எழுதிய முதல் நாவலின் தலைவி, விருந்துகளுக்குச் சமைத்துக் கொடுத்து மகனோடு வாழும் ஒரு பெண். துக்க வீட்டு விருந்தொன்றில் அவள் பரிமாறியபோது ஒருவர் நஞ்சுண்டு மயங்கி விழுகிறார். போலீசார் அவள் சமையற்கூடத்தை மூடிவிடுகின்றனர். சமைப்பவளின் மூலதனம் அடுப்பும் பாத்திரமும் அல்ல. அவள் கையால் உண்ணலாம் என்று ஊரார் கொண்ட நம்பிக்கைதான். அது போனபின் அவளுக்குச் சோறேது? துப்பறிவது அவளுக்குப் பொழுதுபோக்கன்று, பிழைப்பு. அத்தகைய நூலில் அச்சிடப்படும் சமையற் குறிப்பை வெறும் ஒட்டுப்பகுதி என்று என்னால் கருத முடியவில்லை. 'நான் சேர்த்தவை இவ்வளவே, வேறொன்றும் சேர்க்கவில்லை, நீங்களே செய்து உண்டு பாருங்கள்' என்று அவள் சொல்லும் சாட்சியம் அது. ஐயம் நிறைந்த முந்நூறு பக்கங்களுக்கு இடையே, வாசகர் தம் வீட்டு அடுப்பிலேயே சோதித்துப் பார்க்கக்கூடிய உண்மை அது ஒன்றுதான்.

இவற்றுக்கும் கிறிஸ்மஸுக்கும் என்ன தொடர்பு? கதையாசிரியருக்கு ஒரு மூடிய வீடு வேண்டும்; பனி வழியை அடைத்துவிடுகிறது. பழைய பகையுள்ளவர்கள் ஒரே கூரையின் கீழ் கூட வேண்டும். பண்டிகை அவர்களைக் கூட்டிவிடுகிறது. 1938இல் கிறிஸ்டி அம்மையார் எழுதிய கிறிஸ்மஸ் நாவலில், துப்பறியும் நிபுணர் பொய்ரோ இதையே எடுத்துரைக்கிறார். அன்பில்லாதவர்கள் அன்புள்ளவர்போல் நடிக்கவேண்டிய நாள் அது. நடிப்பின் அழுத்தம் தாங்காமல் உள்ளத்தின் பகை வெடித்துவிடும் என்பது அவர் கருத்து. வயிறு கொள்ளாமல் உண்பதையும் அவர் ஒரு காரணமாகச் சேர்த்துக்கொள்கிறார்! பண்டிகைக்கு ஊர்திரும்பும் உறவினர் நிறைந்த வீட்டில் வளர்ந்த எவருக்கும் இது விளங்காமற் போகாது.

அப்பண்டிகையின் பலகாரமாகிய கிறிஸ்மஸ் புட்டிங்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். உலர்ந்த திராட்சை, மாட்டுக் கொழுப்பு, முட்டை, ரொட்டித்தூள், மசாலைப் பொருள்கள், பிராந்தி ஆகியவற்றைக் கலந்து பல மணிநேரம் அவித்து எடுப்பது அது. உடனே உண்பதில்லை, வாரக்கணக்கில் வைத்துச் சுவை முதிர்ந்தபின், பண்டிகையன்று மீண்டும் அவித்து, மேலே பிராந்தி ஊற்றிக் கொளுத்தி, நீலச்சுடர் எரிய எரிய மேசைக்குக் கொண்டுவருவர். கிறிஸ்மஸுக்கு முந்திய திருவருகைக் காலம் தொடங்குவதற்கு முன்வரும் ஞாயிறு இதைக் கிளறும் நாள். அன்று ஆங்கிலத் திருச்சபையில் ஓதப்படும் மன்றாட்டு 'கிளறுக' என்னும் பொருளுடைய சொல்லோடு தொடங்குவதால், அந்நாளுக்கே 'கிளறும் ஞாயிறு' என்று பெயர் வந்துவிட்டது. வீட்டிலுள்ளோர் ஒவ்வொருவரும் ஒருமுறை கிளறி, மனத்தில் ஒன்றை வேண்டிக்கொள்வர். மாவினுள் சிறு பொருள்களையும் இடுவர். வெள்ளி நாணயம் கிடைத்தால் செல்வம். மோதிரம் கிடைத்தால் திருமணம். பொத்தான் கிடைத்த ஆடவனுக்கும், தையலுக்கு அணியும் அங்குஸ்தான் கிடைத்த பெண்ணுக்கும் மணமில்லை.

ஒன்றை மறைத்துவைப்பதே இப்பலகாரத்தின் இயல்பு என்பதைக் கண்டீர்கள். 1960இல் வெளிவந்த கிறிஸ்டியின் நீண்ட சிறுகதையொன்று இதைத்தான் பயன்படுத்திக்கொள்கிறது. கீழ்நாட்டு இளவரசர் ஒருவரின் மாணிக்கம் களவு போகிறது. பொய்ரோ பழைய நாட்டுப்புற மாளிகை ஒன்றில் கிறிஸ்மஸ் விருந்தினராகச் சென்று தங்குகிறார். சமையற்கட்டில் இரண்டு புட்டிங்குகள் உள்ளன: ஒன்று கிறிஸ்மஸுக்கு, மற்றொன்று புத்தாண்டுக்கு. முன்னது கைதவறி உடைந்து போகவே, பின்னது ஒரு வாரம் முந்தி மேசைக்கு வந்துவிடுகிறது. வீட்டுத் தலைவர் வாயில் ஏதோ கடிபடுகிறது. கண்ணாடித் துண்டு என்று அவர் சினந்து துப்புகிறார்; சிவந்து ஒளிரும் அக்கல்லைப் பொய்ரோ மெல்ல எடுத்துக்கொள்கிறார். புட்டிங் செய்யும் முறையை அறிந்தவருக்கே இக்கதையின் முடிச்சு முழுதும் விளங்கும். செய்முறைப் பக்கம் எதுவும் அதில் அச்சிடப்படவில்லை, கதையே செய்முறையாகிவிடுகிறது. இக்கதையில் உண்மையான சாவு ஒன்றும் இல்லை என்பதையும் குறிப்பிட வேண்டும். பனியிலே கிடக்கும் பெண், பிள்ளைகளின் விளையாட்டு நாடகத்தில் நடிப்பவள்.

சாவு இருக்கும் நூல்களில்தான் எனக்கு ஒரு மனக்குறை. ஒரு மனிதர் இறந்து கிடக்க, அடுத்த பக்கத்தில் வெண்ணெயின் அளவைப் படிப்பது தகுமா? ஜோன் ஃப்ளூக் என்னும் அமெரிக்க ஆசிரியையின் 2004ஆம் ஆண்டுக் கிறிஸ்மஸ் நாவலில், நூலின் ஏறத்தாழப் பாதி சமையற் குறிப்புகளே. கதைத் தலைவி ஹானா பிஸ்கட் கடை நடத்துபவள். குறிப்புகளின் இடையே தன் கருத்துகளையும் அவளே எழுதிச் சேர்க்கிறாள். கற்பனைப் பெண்ணின் கைப்பக்குவம் நம் வீட்டு மேசைக்கு வந்துவிடுகிறது. இது இனிய உத்திதான், மறுக்கவில்லை. ஆயினும் அந்நூலை மூடும்போது பலகாரங்கள் நினைவில் நிற்குமளவு, இறந்த பெண் என் நினைவில் நிற்கவில்லை.

இதற்கு நேர்மாறாக, கிறிஸ்டியின் 1950ஆம் ஆண்டு நாவலொன்றில் வரும் பிறந்தநாள் கேக்கைச் சொல்வேன். பிரிட்டனில் அப்போது வெண்ணெயும் சர்க்கரையும் இனிப்புகளும் பங்கீட்டில் இருந்தன. உணவுப் பங்கீடு முற்றும் நீங்கியது 1954இல்தான். வறுமையிலே நெடுநாள் கழித்த முதிய பெண்மணி ஒருத்திக்காக, சேமித்துவைத்த பொருள்களையெல்லாம் கொட்டிச் சமையற்காரி அந்த கேக்கைச் செய்கிறாள். 'சுவைமிகு சாவு' என்று வேடிக்கையாக ஒரு பெயரும் அதற்கு உண்டு. அம்மூதாட்டி குழந்தைபோல் மகிழ்கிறாள். அன்றே உறக்கத்தில் இறந்துபோகிறாள். கேக்கினால் அன்று, வேறு வழியால். அவளுடைய அந்த ஒருநாள் மகிழ்ச்சியை நாம் கண்டுவிட்டதனால்தான் அந்தச் சாவு நம்மை உறுத்துகிறது. இங்கே கேக், இறந்தவளை மறைக்கவில்லை, நமக்குக் காட்டிக்கொடுக்கிறது. கிறிஸ்டி அதன் செய்முறையை எழுதிவைக்கவில்லை. அவர் பிறந்து 120 ஆண்டுகள் நிறைந்த 2010இல், ஜேன் ஆஷர் என்னும் நடிகையும் கேக் கலைஞருமான அம்மையார் அதற்கொரு குறிப்பை உருவாக்கிக் கொடுத்தார்.

ஆங்கிலம் பழக விரும்பும் மாணவர் 1960ஆம் ஆண்டுப் புட்டிங் கதையிலிருந்து தொடங்கலாம். நடை எளியது, ஓரிரு மாலைகளில் முடித்துவிடலாம். படிக்கும்போது ஒரு தாளில், சமையற் பொருள்களை எழுதுவதுபோல, ஐயத்துக்குரிய செய்திகளைக் கண்ட வரிசையில் குறித்துக்கொள்ளுங்கள். மாணிக்கம் எங்கே ஒளிந்திருந்தது என்பதை நான் சொல்லிவிட்டேன். அதை அங்கே இட்டவர் யார் என்பதை உங்களுக்கே விட்டுவைத்திருக்கிறேன்.