இழைப்புளியின் கூர்

அறுக்க வாள், துளையிடத் துரப்பணம், செதுக்க உளி எனத் தச்சரின் கருவிகள் பல. அறுத்த பலகையின் சொரசொரப்பை நீக்கி, அதன் முகத்தைச் சமமாக்கி, மரத்தின் வரிகளைக் கண்ணுக்குப் புலப்படுத்துவது இழைப்புளி. கி.பி. 79இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த பொம்பெயி நகரிலும் இழைப்புளிகள் கிடைத்துள்ளன. தட்டையான அடியுடைய ஓர் உடல், அதில் சாய்வாக நிறுத்திய ஓர் அலகு, அலகின் நுனி எட்டிப்பார்க்க ஒரு வாய் என்னும் அமைப்பு அன்றிலிருந்து மாறவில்லை.

மரக்கட்டை இழைப்புளியில் ஆப்பைத் தட்டி அலகை இறுக்குவர். 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்கரான லியோனார்டு பெய்லி, திருகினால் அலகை ஏற்றி இறக்கும் இரும்பு இழைப்புளிகளை வடிவமைத்தார். 1869இல் ஸ்டான்லி நிறுவனம் அவருடைய தொழிலை விலைக்கு வாங்கியது. அளவுக்கேற்ப அவற்றுக்கு இடப்பட்ட எண்களையே உலகெங்கும் தச்சர்கள் இன்றும் சொல்கின்றனர். நான்காம் எண் ஏறக்குறைய 9 அங்குல நீளம். ஐந்தாம் எண் 14. ஏழாம் எண் 22.

நீளத்தில் ஏன் இத்தனை வேறுபாடு? குட்டையான இழைப்புளி பலகையின் பள்ளத்தில் தானும் இறங்கி ஏறும். ஆகவே பள்ளம் பள்ளமாகவே இருக்கும். நீண்டதோ மேடுகளின்மேல் பாலம்போல் படிந்து, மேட்டை மட்டுமே சீவிச் செல்லும். முதலில் ஐந்தாம் எண்ணால் முரட்டுப் பகுதிகளை நீக்கி, ஏழாம் எண்ணால் சமமாக்கி, நான்காம் எண்ணால் மெருகேற்றுவது வழக்கம். பெரும்பாலான வேலைகளுக்கு இம்மூன்றே போதும். இருபது இழைப்புளிகளை அலமாரியில் அடுக்கி வைப்பது சேகரிப்போரின் இன்பம். அதைக் குறைகூற வேண்டியதில்லை, தொழிலின் தேவை என்றும் எண்ண வேண்டியதில்லை.

தச்சர் ஒருவர் மறைந்தபின் அவருடைய கருவிகள் பல நேரங்களில் எடைக்கு எடை பழைய இரும்புக் கடைக்குப் போய்விடுகின்றன. துருவைக் கண்டு தள்ளுவதும், வண்ணம் பூசியதைக் கண்டு மயங்குவதுமே இதற்குக் காரணம். உடலின் மேற்பரப்பில் படிந்த துருவைத் தேய்த்து எடுத்துவிடலாம். ஆனால், வாயருகே விரிசல் கண்ட வார்ப்பிரும்பு உடலை நம்புதல் கடினம். நேர்விளிம்புள்ள அளவுகோலை அடிப்பகுதியில் நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், இடைவெளியில் கசியும் ஒளி அதன் கோணலைக் காட்டிக்கொடுக்கும். அடுத்து அலகைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். தீட்டித் தீட்டித் தேய்ந்தபின் இன்னும் எவ்வளவு நீளம் எஞ்சியுள்ளது? அதன் தட்டையான பின்புறத்தில் துரு குழி பறித்திருக்கிறதா? நுனியருகே உள்ள ஆழமான குழிதான் உண்மையான குறை.

காரணம் கணக்குப் பாடத்தில் நாம் அறிந்ததே. இரு தளங்கள் சந்திக்கும் இடம் ஒரு கோடு. அலகின் சரிவான முகமும் தட்டையான பின்முகமும் சந்திக்கும் கோடே கூர். ஒன்றை மட்டும் பளபளப்பாக்கி மற்றொன்றைக் குழியோடு விட்டால் கோடு சிதைந்துவிடும். எனவே, தீட்டுதல் பின்முகத்திலிருந்தே தொடங்குகிறது. அதைச் சமமான கல்லில் ஒருமுறை செம்மையாகத் தேய்த்துவிட்டால் பிறகு அதிக வேலை இல்லை.

சரிவான முகத்தைப் பொதுவாக 25 பாகைக் கோணத்தில் சாணை பிடித்து, நுனியை மட்டும் 30 பாகையில் தீட்டுவர். முரட்டுக் கல்லில் தேய்க்கும்போது பின்புறத்தில் மெல்லிய பிசிறு எழும். விரலால் வருடினால் அது தட்டுப்படும். நுனி முழுவதும் பிசிறு எழுந்ததென்றால் இரு தளங்களும் சந்தித்துவிட்டன என்று பொருள். பின்னர் நயமான கல்லுக்கு மாறி, இறுதியில் தோலில் இழுத்துப் பிசிறை நீக்குவர்.

விரைவுக்காக மின்சாணையை நாடுவோர் ஒன்றை மறத்தல் ஆகாது. உராய்வின் வெம்மையால் நுனி நீலம் பாய்ந்துவிட்டால், கார்பன் எஃகின் கடினத்தன்மை அங்கே குன்றிவிடும். அப்பகுதியை முழுவதும் தேய்த்து நீக்கினாலன்றி அலகு மீண்டும் கூரை ஏற்று நிற்காது. சில நொடி அவசரம், பல ஆண்டுகளுக்கு உதவவேண்டிய எஃகைத் தின்றுவிடுகிறது. அதனால்தான் அலகை அடிக்கடி நீரில் தோய்த்துக் குளிர்விக்கின்றனர்.

கூரைச் சோதிக்க விரலை இழுத்துப் பார்க்க வேண்டியதில்லை. நுனியை விளக்கொளியில் நேராகப் பார்த்தால், மழுங்கிய இடம் வெள்ளிக்கோடாக மின்னும். கூரிய நுனிக்கு அகலமில்லை, ஆகவே ஒளியைத் திருப்ப அங்கே ஏதுமில்லை.

ஜப்பானியத் தச்சர் 'கன்னா' எனும் இழைப்புளியை முன்னே தள்ளாமல் தம்மை நோக்கி இழுத்து இழைக்கின்றனர். அதன் அலகில் மென்மையான இரும்போடு கடினமான எஃகு ஒட்டி அடிக்கப்பட்டிருக்கும். மிக மெல்லிய சீவலை யார் எடுப்பது என்று அங்கே போட்டியே நடக்கிறது. சில மைக்ரான் தடிப்புள்ள சீவல்களும் வருகின்றன. தலைமயிர் அதனினும் பன்மடங்கு தடித்தது.

நாற்காலி செய்ய அத்தனை மெலிவு தேவையில்லை. ஆயினும், எந்த இழைப்புளியின் நிலையையும் அதன் சீவலே சொல்லிவிடும். அலகின் அகலம் முழுதும் அறுபடாமல் சுருண்டு வந்தால் எல்லாம் சரி. ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்தால் அலகு சாய்ந்துள்ளது. பலகையில் நூல்போல் கோடு எஞ்சினால் நுனியில் சிறு முறிவு உண்டு. மரம் பிய்ந்து செதில் எழுந்தாலோ, அலகை ஐயுறுமுன் பலகையைத் திருப்பி வைத்து, வரியோட்டத்தின் திசையில் ஒருமுறை இழைத்துப் பார்க்க வேண்டும்.