யாழ்ப்பாணத்து வீடுகளின் புறச்சுவர்ப் பூச்சு

வீட்டின் புறச்சுவரை எதனாற் போர்த்தல் தக்கது என்பது நாட்டுக்கு நாடு விடை வேறுபடும் வினாவாகும். வட அமெரிக்காவில் மரச்சட்டச் சுவர்களின்மேற் பலகையும் பிளாத்திக்குத் தகடும் அறைகின்றனர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ பலகையைக் கறையான் தின்னும். இரும்புத் தகட்டை உப்புக்காற்றுத் தின்னும். ஆதலின் இங்குப் போர்வை எனப்படுவது பெரும்பாலும் சாந்துப் பூச்சேயாம். அது சுண்ணச்சாந்தா, சீமெந்துச் சாந்தா என்பதே ஆராயற்பாலது. போரிற் சிதைந்த பழைய வீடுகளை 2009 ஆம் ஆண்டின் பின் திருத்தப் புகுந்தோர்க்கு இஃது ஏட்டளவில் நிற்கும் வினாவன்று. பிழைபட்ட பூச்சுப் பாட்டனார் கட்டிய சுவரையே அழித்துவிடும்.

குடாநாடு மயோசீன் காலச் சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. பழைய நாற்சார் வீடுகளின் தடித்த சுவர்கள் அக்கல்லாலும், கடலோரங்களில் முருகைக் கல்லாலும் எழுந்தவை. (நெடுந்தீவில் முருகைக் கல்லைச் சாந்தின்றி அடுக்கிய வேலி மதில்களை இன்றுங் காணலாம்.) கல்லைப் பிணைத்ததும் சுவரைப் பூசியதும் சுண்ணாம்பே. சுண்ணக்கல் சூளையில் வேகும்போது அதிலுள்ள கல்சியங் காபனேற்றுக் காபனீரொட்சைட்டை இழக்கின்றது. நீற்றிப் பூசியபின், காற்றிலிருந்து அதனையே மெல்ல மீளப் பெற்று இறுகுகின்றது. ஆகவே கல்லும் பூச்சும் இயல்பில் ஒன்றே.

சுவரின் மெய்யான பகை மழையன்று, உப்பு. பழைய அத்திவாரங்களில் ஈரந்தடுக்கும் படை இல்லை. நிலத்து உவர்நீர் கல்லின் நுண்டுளைகள் வழியே மேலேறுகின்றது. சுண்ணப்பூச்சு நுண்டுளை மிக்கதாதலால் நீர் அதனூடே வெளிவந்து ஆவியாகும், உப்பு வெளிமுகத்திற் பூக்கும், துடைப்பத்தாற் கூட்டிவிடலாம். சீமெந்துப் பூச்சோ அடர்ந்தது. நீர் அதன் பின்னே தங்க, உப்பும் அங்கேயே பளிங்காகின்றது. கறியுப்புக் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக் கரையும் எல்லை ஏறக்குறைய 75 சதவீத ஈரப்பதனாகும். இரவில் அவ்வெல்லைக்கு மேலும் பகலிற் கீழுமாகக் காற்று மாறும் நாட்களில் உப்புக் கரைவதும் உறைவதுமாக உள்ளிருந்து நெருக்கும். முடிவிற் பூச்சுப் பாளமாகப் பெயரும். பெயரும்போது மென்மையான கல்லையும் பற்றிக்கொண்டு வரும். பலர் அவ்விடத்தை இன்னும் கட்டியான சீமெந்தால் ஒட்டுவர். நோயையே மருந்தாக ஊட்டுதல் போன்றது அது.

காங்கேசன்துறையில் 1950 இல் தொடங்கி 1990 இற் போரினால் நின்றுபோன தொழிற்சாலை, இம்மண்ணின் சுண்ணக்கல்லையே சீமெந்தாக்கியது. விரைவில் இறுகுவதும் வன்மையுடையதுமான அப்பொருளை மக்கள் விரும்பியதில் வியப்பில்லை. சீமெந்துக் கல்லால், ஈரந்தடுக்கும் படையிட்டுக் கட்டும் புதுச்சுவருக்கு அதன் பூச்சுப் பொருந்துவதே. பழைய கற்சுவருக்கே அது பொருந்தாது. பல்லாண்டு பராமரிப்பே வேண்டாவென்று விற்கப்படும் பிளாத்திக்கு வண்ணங்களும், சீமெந்திற் பதிக்கும் ஓட்டுப் பாளங்களும் அச்சுவரின் மூச்சை அவ்வாறே அடைப்பன. சுண்ணப்பூச்சுக்கு இடைக்கிடை வெள்ளையடித்தல் வேண்டும் என்பது மெய்தான். ஆயினும் ஒரு வாளிச் சுண்ணாம்பும் ஒரு தும்புக்கட்டும் கொண்டு பொங்கலுக்கு முன் முடிக்கும் அவ்வேலை, பெயர்ந்த சுவரைச் செப்பனிடுவதினும் மிக எளிது.

நன்கு நீற்றி வாரக்கணக்கில் ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்குக்கு மணல் மூன்று பங்கு என்பது பொதுவான அளவு. கடலோர மணலாயின் நன்னீரிற் கழுவாமற் சேர்த்தல் கூடாது. சேர்ப்பின், உப்பைப் பூச்சுக்குள் நாமே வைத்தவராவோம். தமிழ்நாட்டுக் கொத்தர் கடுக்காய் நீரும் வெல்லமுஞ் சேர்ப்பர். பூச்சை மெல்லிய படைகளாக இட்டு, ஒவ்வொன்றையும் நீர் தெளித்து ஆறவிடல் வேண்டும். இங்கேதான் இடர், இப்பொறுமையுடைய மேசன்மார் அருகிவிட்டனர். சீமெந்து வேலையிற் பழகிய கை சுண்ணத்தையும் ஒரே நாளில் முடிக்க விரையும்.

பூச்சுக்கு முன் கூரைப் பீலியின் ஒழுக்கை அடைத்து, சுவரடியிற் குவிந்த மண்ணை அகற்றுக. மாரி ஐப்பசி முதல் மார்கழி வரை பொழியும். வைகாசிக்குப் பின் சோளகக் காற்றுப் பூச்சை இறுகுமுன் உலர்த்திவிடும். தைக்கும் பங்குனிக்கும் இடைப்பட்ட காலமே இவ்வேலைக்கு உகந்தது.