பச்சைக் கோடு ஏன் சாய்கிறது?

யாழ்ப்பாணத்துப் பண்ணைப் பாலம் தாண்டி, ஓட்டோவில் மடியில் ஏந்தியபடி அந்த ஒசிலஸ்கோப்பை மண்டைதீவுக்குக் கொண்டுவந்தேன். அதற்கு வயது நாற்பதுக்குக் கிட்ட. ஜப்பானில் செய்தது, இரண்டு தடம், 20 மெகாஹெர்ட்ஸ். பட்டணத்தில் மூடிவிட்ட ஒரு ரேடியோ திருத்தும் கடையின் மிச்சம். பாடப்புத்தகத்தில் இதற்குக் கதோட்டுக் கதிர் அலைவுகாட்டி என்று பெயர். திருத்துகிறவர்கள் வாயில் வெறும் ‘ஸ்கோப்’. வோல்ற்றளவு நேரத்தோடு எப்படி ஏறி இறங்குகிறது என்பதைத் திரையில் கோடாக வரைந்துகாட்டும் பெட்டி. 1897இல் கார்ல் பெர்டினண்ட் பிரவுன் செய்த குழாய்தான் இதற்கு மூத்த தகப்பன்.

சுவிச்சைப் போட்டதும் கோடு வந்தது. ஆனால் சாய்ந்து வந்தது. எட்டிப் பார்த்த அயல்வீட்டு அண்ணை, “இது எங்கையோ விழுந்து அடிபட்டிருக்கு, தம்பி” என்றார்.

அடிபட்டும் இருக்கலாம். ஆனால் மூடியைக் கழற்றுமுன் ஒரு சோதனை செய்யலாம்: பெட்டியை அப்படியே மறுபக்கம் திருப்பி வைப்பது. வடக்குப் பார்த்திருந்த திரையைத் தெற்குப் பார்க்க வைத்தேன். கோடு எதிர்ப்பக்கம் சாய்ந்தது. கிழக்கே திருப்பினால் சாய்வு குறைந்து, கோடு ஒரு நூலளவு கீழே இறங்கியது. மேற்கே திருப்பினால் மேலே ஏறியது. உடைந்த பொருள் திசை பார்த்து உடைவதில்லை. இது பூமியின் காந்தப்புலம்.

இதில் எங்களுக்கு ஒரு தனிச் சங்கதி உண்டு. காந்த மத்தியகோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டித்தான் போகிறது. கேரளத்துத் தும்பாவில் ரொக்கெற் தளம் அமைத்து 1963 நவம்பர் 21இல் முதல் ரொக்கெற்றை ஏவியதற்கும் அதுவே காரணம். மண்டைதீவு அந்தக் கோட்டுக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே காந்தப்புலம் கிட்டத்தட்டக் கிடையாக, தென்வடலாகப் படுத்திருக்கிறது. ஏறத்தாழ 40 மைக்ரோரெஸ்லா. லண்டனில் மொத்தப் புலம் இதைவிடப் பலமானது. ஆனால் அது நிலத்துக்குள் மிகச் சரிவாக இறங்குவதால் கிடையாக மிஞ்சுவது ஏறத்தாழ 20தான். மேசையில் வைத்த குழாயின் நீளவாக்கில் ஓடும் புலம்தான் கோட்டைச் சுழற்றுகிறது. ஆகவே தென்வடலாக வைத்த ஸ்கோப் லண்டனில் சாய்வதைவிட இங்கே இரண்டு மடங்கு சாயும்.

2,000 வோல்ற்றில் முடுக்கிய இலத்திரன் செக்கனுக்கு 26,500 கிலோமீற்றர் அளவில் பறக்கிறது. அவ்வளவு வேகத்தில் போவதையும் பூமி விடுவதில்லை. குழாயைச் சுற்றி நிக்கல் இரும்புக் கலப்புலோகக் கவசம் இல்லாவிட்டால், கிழக்கு மேற்காக வைத்த 30 சென்ரிமீற்றர்ப் பாதையில் கதிர் ஒரு சென்ரிமீற்றருக்கு மேல் விலகிவிடும். கவசத்தையும் தாண்டி வரும் மிச்சச் சாய்வுக்காகத்தான் முகப்பில் ஒரு சின்ன ஓட்டைக்குள் திருகி வைத்திருக்கிறார்கள். அது குழாயைச் சுற்றிய ஒரு கம்பிச் சுருளின் மின்னோட்டத்தை மாற்றும். மேசையின் இடத்தை முடிவு செய்துவிட்டுத் திருகுங்கள். கால் திருகு போதும். அண்ணைக்கு இதில் திருப்தியில்லை. அவர் பெரிய பழுதை எதிர்பார்த்திருந்தார்.

அடுத்தது இன்னும் விசித்திரம். காலையில் கோடு மங்கித் தடித்திருக்கும்; மத்தியானம் கூர்மையாகும். இது உப்பின் வேலை. வீட்டுக்குச் சில நூறு மீற்றரில் கடல். உப்புத் தூசி உள்ளே போய்ப் படிந்திருக்கும். காற்றின் ஈரப்பதன் 75 வீதத்தைத் தாண்டினால் கறியுப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையும். இரவில் அந்தப் படலம் நனைந்து மின் கடத்தும், வெயிலேறக் காயும். குவியத்தைச் சரிசெய்யும் சுற்றில் இருப்பவை மெகாஓம் கணக்கான தடையிகள். அவற்றுக்குப் பக்கத்தில் ஒரு நனைந்த உப்புக் கோடு போதும், குவியம் கெட. புதிய பாகம் வாங்கத் தேவையில்லை. காய்ச்சி வடித்த நீரால் கழுவி, பிறகு ஐசோபுரோப்பைல் அற்ககோலால் துடைத்து, ஒருநாள் முழுக்கக் காயவிட்டேன்.

அந்தக் குவியச் சுற்றில்தான் உயிராபத்தும். வயரைக் கழற்றிய பிறகும் அங்கே கொள்ளளவிகள் ஆயிரக்கணக்கான வோல்ற்றைத் தேக்கி வைத்திருக்கும். தடையி ஒன்றின் வழியாக வெறுமையாக்கி, மீற்றரால் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். தனியாக இருக்கும்போது இந்த வேலை வேண்டாம்.

மூன்றாவது, கோட்டில் ஒரு நடுக்கம். அலைக்கு அலை 10 மில்லிசெக்கன், அதாவது 100 ஹெர்ட்ஸ். எங்கள் கரண்ட் 50. இரட்டிப்பானால் அது சீராக்கிக்குப் பிந்திய இடம். கிழட்டு மின்பகு கொள்ளளவி வற்றிவிட்டது என்று அர்த்தம். 20 மில்லிசெக்கனாக இருந்திருந்தால் தேட வேண்டியது பக்கத்து மின்மாற்றியை அல்லது நிலத்தொடுப்பை. ஒரு வழியாக உண்மையான பழுது! கொள்ளளவியை மாற்றியதும் நடுக்கம் நின்றது.

இனித்தான் அளவுதிருத்தம். அரை மணித்தியாலம் சூடேற விடுங்கள். அளவுக் குமிழ்களின் நடுவில் இருக்கும் சிறிய குமிழ்கள் ‘டிக்’ என்று பூட்டியிருக்கின்றனவா என்று பாருங்கள். அவை விலகியிருந்தால் திரை சொல்வதெல்லாம் பொய். ‘பழுது’ என்று வரும் ஸ்கோப்புகளில் ஒரு பங்கு இதனால்தான் என்பது என் சந்தேகம். வோல்ற்றளவுக்கு ஒரு புதுப் பற்றரியும் நல்ல டிஜிற்றல் மீற்றரும் போதும். மீற்றர் 1.6 என்றால், கட்டத்துக்கு 0.5 வோல்ற்றில் கோடு 3.2 கட்டம் ஏற வேண்டும். ஸ்கோப்பின் துல்லியம் 3 வீதம்தான். மீற்றர் அதைவிடப் பல மடங்கு நம்பத்தக்கது. நேரத்துக்கு வீட்டுக் கரண்டை நம்ப வேண்டாம், அது ஒரு வீதம்வரை அசையும். 10 மெகாஹெர்ட்ஸ் பளிங்கு அலையாக்கி ஒன்றையும் பத்தால் வகுக்கும் சிப் ஒன்றையும் வைத்துப் பாருங்கள். திரையின் ஓரங்களை விட்டு நடுவில் எட்டுக் கட்டத்தில் ஒப்பிட வேண்டும். ஓரத்தில் கதிர் கொஞ்சம் தடுமாறும்.

பத்து மடங்கு புரோப்பை, அதாவது தொட்டு அளக்கும் வயரை, ஸ்கோப்பின் சொந்தச் சதுர அலையில் கொளுவி, அதன் சின்னத் திருகியைச் சரிசெய்வதுதான் எனக்குப் பிடித்த வேலை. அலையின் மூலை உருண்டால் திருத்தம் குறைவு, கொம்பு முளைத்தால் கூட. தட்டையாக வரும்போது நிறுத்த வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் அண்ணை தன் பழைய சைக்கிளைக் கொண்டுவந்தார். 1990இல் போரால் குடாநாட்டில் கரண்ட் போய், பற்றரியும் தடைப்பட்ட காலத்தில் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து, டைனமோவைச் சுற்றித்தான் ரேடியோ கேட்டார்கள். புரோப்பைக் கொளுவ, அவர் கையால் பெடலைச் சுற்றினார். திரையில் அலை எழுந்தது. உச்சிகள் சற்றுச் சப்பையாக. ஒரு அலைக்கு 4 மில்லிசெக்கன், செக்கனுக்கு 250. எட்டு முனைக் காந்தம் என்பதால் டைனமோ உருளையின் ஒரு சுற்றுக்கு நாலு அலை. உருளையின் சுற்றளவு 6.6 சென்ரிமீற்றர். கணக்குப் பார்த்தால் மணிக்கு 15 கிலோமீற்றர் வருகிறது.

“நியூஸ் முடியுமட்டும் இந்த வேகத்திலைதான் சுத்துவம்” என்றார், கையை எடுக்காமல்.