விரல் விறைப்பு: தறியின் களைப்பா, நோயின் தொடக்கமா?

காஞ்சிபுரத்தில் தறியில் அமர்ந்து பழகியவர்கள் விரல் வலியைப் பெரிதாகப் பேசுவதில்லை. குழித்தறியில் நாள் முழுதும் மிதி மிதித்து, நாடா எறிந்து, அறுந்த இழையைக் குனிந்து பிணைத்து வாழ்பவருக்கு வலி என்பது தொழிலோடு சேர்ந்து வந்த ஒன்று. தாருக்கு நூல் சுற்றும் பெண்களும் அவ்வாறே எண்ணுகின்றனர். காலையில் எழுந்ததும் விரல்கள் மடங்க மறுத்தால், நேற்று வேலை அதிகம் என்று தமக்குத் தாமே கூறிக்கொண்டு, வெந்நீரில் கையை நனைத்துவிட்டு மீண்டும் வேலைக்குச் செல்கின்றனர். மூட்டுவாத நோய்ப் பிரிவுக்கு அவர்கள் வந்து சேரும்போது பெரும்பாலும் ஓராண்டு, சில வேளைகளில் மூன்றாண்டுகள்கூடக் கடந்துவிடுகின்றன.

அவர்களுள் சிலருக்கு இருப்பது வேலைக் களைப்பன்று, முடக்குவாதம். நம் முதியோர் சரவாங்கி என்று அழைக்கும் நோய் இதுவே. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலம் உடலின் திசுக்களையே தாக்குவதால் தோன்றும் தன்னெதிர்ப்பு நோய்களில் இது ஒன்று. டெல்லிக்கு அருகிலுள்ள பல்லப்கர் கிராமங்களில் நடத்தப்பட்டு 1993இல் வெளியான கணக்கெடுப்பின்படி, வயது வந்தோரில் 0.75 சதவீதத்தினருக்கு இந்நோய் இருந்தது. அதாவது ஆயிரம் பேரில் ஏழெட்டுப் பேர். ஆண்களைவிடப் பெண்களையே இது இரண்டு, மூன்று மடங்கு அதிகமாகத் தாக்குகிறது.

இந்நோயைப் பற்றிக் கடந்த இருபது ஆண்டுகளில் வெளிவந்த ஆய்வுகளுள், நோயாளரும் குடும்பத்தாரும் அறிந்துகொள்ள வேண்டிய முதன்மையான செய்தி, மூட்டு வீங்கும் நாளில் நோய் தொடங்குவதில்லை என்பதே. அது பல ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது.

நெதர்லாந்தில் இரத்த தானம் செய்தவர்களுள் பிற்காலத்தில் முடக்குவாதம் வந்தவர்களைக் கண்டறிந்து, அவர்கள் முன்னர் அளித்துச் சேமிக்கப்பட்டிருந்த இரத்த மாதிரிகளை ஆய்வாளர்கள் சோதித்தனர். 2004இல் அந்த ஆய்வு வெளியானது. ஆன்டி-சிசிபி என்று நாம் இன்று பரிசோதிக்கும் எதிர்ப்பொருள், வலி தோன்றுவதற்கு ஏறத்தாழ நான்கரை ஆண்டுகளுக்கு முன்பே பலருடைய இரத்தத்தில் இருந்தது. சிலருக்குப் பத்தாண்டுகளுக்கும் முன்பே இருந்தது. அக்காலத்தில் அவர்கள் நலமாக உழைத்து, இரத்தமும் கொடுத்து வந்தவர்கள்!

அந்த எதிர்ப்பொருள் ஏன் தோன்றுகிறது? நம் உடலிலுள்ள புரதங்களில் அர்ஜினின் என்னும் சிறு பகுதி, சில நொதிகளின் செயலால் சிட்ரூலின் என்னும் வேறொன்றாக மாறுவதுண்டு. ஒரே சாயத் தொட்டியில் தோய்த்த சிட்டங்களுள் ஒன்று மட்டும் சற்றே நிறம் மாறி வந்தால், நெசவாளரின் கண் அதை உடனே கண்டுகொள்ளும். வேறு சிட்டம் கலந்துவிட்டது என்றே எண்ணும். எதிர்ப்பு மண்டலமும் மாறிய புரதத்தை அவ்வாறே அந்நியப் பொருளாகக் கருதிவிடுகிறது. மரபணு அமைப்பால் அதற்கு ஏதுவானவர்களிடம் இது மிகுதி. இந்த மாற்றம் முதலில் நிகழும் இடம் பெரும்பாலும் மூட்டு அன்று என்பதுதான் வியப்பு. நுரையீரலும் பல் ஈறும் அதற்கு முக்கியமான இடங்கள் என இன்று கருதப்படுகின்றன. புகைபிடிப்போரின் நுரையீரலில் இம்மாற்றம் மிகுதியாக இருப்பதையும், அவர்களுக்கு எதிர்ப்பொருளோடு கூடிய முடக்குவாதம் வரும் வாய்ப்பு அதிகம் என்பதையும் ஸ்வீடன் நாட்டு ஆய்வுகள் காட்டின. கல் உடைக்கும், கல் செதுக்கும் தொழில்களில் எழும் சிலிக்காத் தூசியும் அத்தகையதே. மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களிலும் நம் சுற்றுவட்டாரக் கல் குவாரிகளிலும் உழைக்கும் குடும்பத்தினர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

நூல் தூசி பற்றிய ஓர் ஆய்வு

நெசவு நகரமான நமக்கு இன்னும் நெருக்கமான ஆய்வு ஒன்று 2016இல் மலேசியாவிலிருந்து வெளிவந்தது. மலாய், சீனர், இந்தியர் ஆகிய மூவின மக்களும் வாழும் அந்நாட்டில், புதிதாக முடக்குவாதம் கண்ட 910 பெண்களையும், அதே வயதுடைய நோயற்ற 910 பெண்களையும் ஒப்பிட்டனர். துணி, நூல் தூசி படிந்த இடங்களில் வேலை செய்தவர்கள் நோயுற்றோரில் 41 பேர்; நோயற்றோரில் 15 பேர். கணக்கிட்டபோது, தூசியில் உழைத்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. முடக்குவாதத்துக்கு ஏதுவான மரபணுவும் சேர்ந்திருந்தால் அது மேலும் பெருகியது.

இதைப் படித்துவிட்டு எவரும் தறியை விட்டு எழுந்துவிட வேண்டாம். அந்த 41, 15 என்ற எண்கள் சிறியவை. அவ்வாய்வு கைத்தறிப் பட்டைக் குறித்ததும் அன்று. பட்டு நூல் பஞ்சு நூலைப் போல அவ்வளவு தூசி எழுப்புவதில்லை என்பதை நெய்பவர் அறிவர். நான் இதிலிருந்து எடுத்துக்கொள்வது எளிய ஒன்றுதான். நூற்பாலையிலோ விசைத்தறிக் கூடத்திலோ பணிபுரிபவர் முகக்கவசம் அணிவதும், அறையில் காற்றோட்டம் இருப்பதும், அங்கே பீடி புகையாமல் இருப்பதும் நன்மையே தரும். தூசியைவிடப் பீடிக்கு எதிரான சான்று வலுவானது; அதை நிறுத்துவதற்குச் செலவும் இல்லை.

எந்த வலி எது?

உழைப்பினால் வரும் வலி பொதுவாக மாலையில் மிகும், ஓய்வில் தணியும், அதிகம் பயன்படும் கையில் கூடுதலாக இருக்கும். முடக்குவாத வலி இதற்கு நேர்மாறானது. இரவு ஓய்வுக்குப் பின் காலையில் மிகும். அரை மணி, ஒரு மணி நேரம் விறைப்பு நீடிக்கும். கையை அசைக்க அசைக்கத் தளரும். காலையில் காபித் தம்ளரைப் பிடிக்க இயலாதவர், பத்து மணிக்குத் தறியில் நன்றாகவே நெய்வார். இதனால்தான் குடும்பத்தினரும் அதைச் சோம்பல் என்று தவறாக எண்ணிவிடுகின்றனர். விரல்களின் அடிமூட்டுகளும் நடுமூட்டுகளும், மணிக்கட்டும், கால் விரல்களின் அடிப்பகுதியும் இருபுறமும் வீங்கும். நகத்தை ஒட்டிய மூட்டு பெரும்பாலும் தப்பிவிடும். கைகுலுக்கும்போது அடிமூட்டுகள் சேர்த்து அழுத்தப்பட்டால் வலி உயிர் போகும்.

நம் மாநிலத்தில் இன்னொரு குழப்பமும் உண்டு. 2006இல் சிக்குன்குனியா பரவியதிலிருந்து, மூட்டு வலி எதுவானாலும் பழைய சிக்குன்குனியா என்று சொல்லிவிடும் வழக்கம் வேரூன்றிவிட்டது. அக்காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் மூட்டு வலிப்பது உண்மையே. ஆயினும் ஆறு வாரங்களைக் கடந்தும் வீக்கம் தணியவில்லை எனில், எந்தப் பெயரையும் நாமே சூட்டிக்கொள்ளாமல் பரிசோதித்துக்கொள்வது முறை. வலி தோன்றிய முதல் மூன்று மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கப்பட்டவர்களுக்கு எலும்பு அரிப்பு குறைவாகவும், நோய் முற்றிலும் அடங்கும் வாய்ப்பு கூடுதலாகவும் இருப்பதைப் பல ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. ஒருமுறை அரிக்கப்பட்ட மூட்டை எந்த மருந்தும் பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. சரிகை இழையை விரல் நுனியால் உணர்ந்து பிணைக்கும் ஒருவருக்கு அது வாழ்வாதாரத்தின் இழப்பு.

எல்லோரும் அஞ்சும் மாத்திரை

முடக்குவாதத்துக்கு இன்றும் முதல் மருந்து மெத்தோட்ரெக்சேட். இதன் பெயரைக் கைப்பேசியில் தேடிய மகனோ மகளோ, இது புற்றுநோய் மருந்தாயிற்றே என்று பதறி வருவது வாராவாரம் நிகழ்கிறது. காரப்பேட்டையில் அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை அமைந்திருக்கும் ஊரில் அந்த அச்சம் இயல்பே. புற்றுநோய்க்குத் தரப்படும் அளவு மிக அதிகம். முடக்குவாதத்துக்கோ வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் மட்டுமே.

இம்மருந்துக்கும் சென்னைக்கும் ஓர் உறவு உண்டு. இது அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில், எல்லாப்பிரகட சுப்பாராவ் தலைமையிலான குழுவினரின் பணியில் பிறந்தது. ஆந்திரத்தின் பீமவரத்தில் பிறந்த அவர் பயின்றது சென்னை மருத்துவக் கல்லூரியில். அன்னியத் துணியை மறுத்துக் கதராடை அணிந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளாகி, முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்னும் குறைந்த சான்றிதழே பெற்றார் என்பது அவருடைய வரலாற்றில் சொல்லப்படும் செய்தி. கைத்தறித் துணிக்காகப் பட்டத்தை இழந்தவரின் மருந்து, கைத்தறி நெய்வோரின் விரல்களைக் காப்பது எனக்கு எப்போதும் நிறைவளிக்கும் ஒன்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும். மெத்தோட்ரெக்சேட்டின் பக்க விளைவுகளைக் குறைக்க நாங்கள் எழுதித்தரும் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியதும் அதே குழுவே.

இம்மருந்தில் உண்மையில் அஞ்ச வேண்டியது ஒன்று உண்டு. இது வாரத்துக்கு ஒரே நாள் உட்கொள்ள வேண்டியது. மற்ற மாத்திரைகளைப் போல நாள்தோறும் விழுங்கிவிட்டால் வாய்ப்புண், இரத்த அணுக்கள் வீழ்ச்சி, உயிருக்கே ஆபத்து என்று முடியும். ஆகவே ஒரு கிழமையைக் குறித்துக்கொண்டு நாட்காட்டியில் எழுதி வையுங்கள். மாத்திரையை வயது முதிர்ந்தவரின் கையில் விட்டுவிடாமல் வீட்டில் ஒருவர் பொறுப்பேற்பது நல்லது. கல்லீரலையும் இரத்த அணுக்களையும் குறித்த காலத்தில் பரிசோதிக்க வேண்டும். மது கூடாது. குழந்தைப் பேற்றை எண்ணும் பெண்கள் குறைந்தது மூன்று மாதங்களுக்கு முன்பே எங்களிடம் கூற வேண்டும். கருவுற்ற காலத்தில் தரத்தக்க மாற்று மருந்துகள் உள்ளன. மருந்து முழுமையாக வேலை செய்ய ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதற்குள் பொறுமையிழந்து, பெயரற்ற பொட்டலத்தில் வரும் பொடியை நாடுவோர் உள்ளனர். இரண்டே நாளில் எல்லா வலியும் பறந்துவிட்டதென்றால், அப்பொடியில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்று ஐயுறுங்கள்.

செய்தித்தாள் தரும் நம்பிக்கை

2025ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு மேரி பிரன்கோ, ஃபிரெட் ராம்ஸ்டெல், ஷிமோன் சகாகுச்சி ஆகியோருக்கு அளிக்கப்பட்டதைப் படித்திருப்பீர்கள். உடலைத் தாக்கும் வெள்ளை அணுக்களை அடக்கிவைக்கும் தனி வகை அணுக்கள் இருப்பதைச் சகாகுச்சி 1995இல் காட்டினார்; அவற்றுக்குத் தேவையான ஃபாக்ஸ்பி3 மரபணுவை மற்ற இருவரும் 2001இல் கண்டறிந்தனர். பரிசுச் செய்தி வந்தபின், அந்த மருந்து எப்போது கிடைக்கும் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. பரிசு பெற்றது ஓர் அறிதல். அதன்வழி வரக்கூடிய மருந்துகள் ஆய்வில் உள்ளன.

ஜெர்மனியின் எர்லாங்கன் நகர மருத்துவர்கள் 2021இல் வெளியிட்டது வேறு வகை. லூபஸ் நோயால் துன்புற்ற இருபது வயதுப் பெண்ணின் சொந்த வெள்ளை அணுக்களை எடுத்து, மரபணு மாற்றி, மீண்டும் உடலில் செலுத்தினர். அவை, எதிர்ப்பொருள் உண்டாக்கும் பி அணுக்களை அழித்தன, நோய் அடங்கியது. 2024இல் அவர்கள் வெளியிட்ட பதினைந்து நோயாளர் தொகுப்பிலும் அனைவரும் பழைய எதிர்ப்பு மருந்துகளை நிறுத்த முடிந்தது. கார்-டி எனப்படும் இச்சிகிச்சையின் ஓர் இந்திய வடிவம், மும்பை ஐஐடியும் டாடா நினைவு மருத்துவமனையும் உருவாக்கியது, 2023 அக்டோபரில் இரத்தப் புற்றுநோய்க்கு ஒப்புதல் பெற்றது. முடக்குவாதத்துக்கன்று. பல லட்சம் ரூபாய் செலவும், தொற்று ஆபத்தும் உடைய இம்முறை, மற்ற மருந்துகள் அனைத்தும் கைவிட்ட கடும் நோயாளருக்கானது. இச்செய்தியை நம்பி இன்றைய மாத்திரையை நிறுத்துவோரைக் காணும்போது வருந்துகிறேன்.

குடும்பத்தார் இறுதியாகக் கேட்பது எப்போதும் ஒரே கேள்வி: அம்மாவுக்கு வந்தது மகளுக்கும் வருமா? நெருங்கிய உறவினருக்கு வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு என்றாலும், மிகப் பெரும்பாலான மகள்களுக்கு வருவதில்லை. வருமுன் தடுக்க இயலுமா என்பதை இங்கிலாந்திலும் நெதர்லாந்திலும் 213 பேரிடம் சோதித்தனர். எதிர்ப்பொருளும் மூட்டு வலியும் உண்டு, ஆனால் இன்னும் வீக்கம் இல்லாதவர்கள் அவர்கள். ஓராண்டு அபடாசெப்ட் ஊசி பெற்றவர்களில் அவ்வாண்டில் 6 சதவீதத்தினருக்கும், வெற்று ஊசி பெற்றவர்களில் 29 சதவீதத்தினருக்கும் நோய் தோன்றியதாக 2024இல் அறிவித்தனர். ஊசியை நிறுத்தி மேலும் ஓராண்டு கடந்தபின் அந்த இடைவெளி சுருங்கி, 25க்கு 37 ஆயிற்று. நோய் தள்ளிப்போனது, பலருக்கு நீங்கவில்லை. ஆகையால் வலியில்லாத மகளுக்கு ஆன்டி-சிசிபி பரிசோதனை செய்யும்படி நான் கூறுவதில்லை. அவள் முன் எவரும் புகைக்க வேண்டாம். ஈறில் இரத்தம் வடிந்தால் பல் மருத்துவரைக் காணட்டும். விரல் அடிமூட்டு வீங்கி இரண்டு வாரங்களாகத் தணியாமலிருந்தால் அழைத்து வாருங்கள். வரும்போது, வீக்கத்தை முதலில் கண்ட நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள். நாங்கள் கேட்கும் முதல் கேள்வி அதுவே.