வழியில் தொலையும் வோல்டேஜ்

கோடை வந்தால் சித்தூர், புத்தூர், நகரி பக்கத்து மோட்டார் கடைகளில் காயில் கட்டும் வேலை குவிந்துவிடும். போர்வெல்லிலிருந்து மேலே ஏற்றிய சப்மெர்சிபிள் மோட்டாரைப் பிரித்து, கருகிய செம்புக் கம்பியை அறுத்தெடுத்துப் புதிதாகச் சுற்றுவார்கள். ஒய்.எஸ். ராஜசேகர ரெட்டி 2004 மே மாதம் ஆந்திர முதலமைச்சரானதும் போட்ட முதல் கையெழுத்தே விவசாயிக்கு இலவச மின்சாரம்தான். ஆனால் மோட்டார் இலவசமில்லை. ஏற்றி இறக்கும் கூலி, காயில் கட்டும் செலவு, அதற்குள் வாடிப்போகும் பயிர் எல்லாம் விவசாயி தலையில்தான் விழுகின்றன.

ஏன் எரிந்தது என்று கேட்டால் 'லோ வோல்டேஜ்' என்பார்கள். பதில் சரிதான். ஆனால் வோல்டேஜ் குறைந்தால் கரண்டும் குறையத்தானே வேண்டும், பிறகு எதற்கு எரிகிறது? இதை விவசாயிக்கு யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. பள்ளிப் பாடத்தின் இரண்டு சூத்திரங்கள் போதும்: வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன்.

முதல் சூத்திரத்தை 1827-இல் புத்தகமாக வெளியிட்டவர் ஜெர்மனியின் கொலோன் நகரில் பள்ளி ஆசிரியராக இருந்த கியோர்க் சைமன் ஓம். அவரையும் வோல்டேஜ்தான் படுத்தியது. அன்றைய மின்கலங்களின் அழுத்தம் நிலையாக நிற்காததால், இரண்டு உலோகங்களின் இணைப்பைச் சூடாக்கி வரும் மின்சாரத்துக்கு மாறிய பிறகே அவருக்குக் கணக்கு படிந்தது. லண்டன் ராயல் சொசைட்டி 1841-இல் அவருக்குக் காப்ளி பதக்கம் தந்தது.

அயர்ன் பாக்ஸை எடுத்துக்கொள்வோம். 230 வோல்ட்டில் 1000 வாட் என்றால் கரண்ட் 4.35 ஆம்பியர், மின்தடை சுமார் 53 ஓம். வோல்டேஜ் 200-க்கு இறங்கினால் கரண்டும் 3.8 ஆம்பியருக்கு இறங்கும், திறன் 750 வாட்டுக்குப் போகும். துணி மெதுவாகச் சூடாகும், வேறு கெடுதல் இல்லை.

மோட்டார் அப்படியல்ல. தண்ணீரின் பாரம் அதன் தலையில் இருக்கிறது. 5 எச்.பி. மோட்டார் 415 வோல்ட்டில் ஏறக்குறைய 7.5 ஆம்பியர் இழுக்கும். எச்.பி.க்கு ஒன்றரை ஆம்பியர் என்பது எலக்ட்ரீஷியன்களின் வாய்க்கணக்கு. வோல்டேஜ் 350 ஆனாலும் பாரம் குறைவதில்லை. அதே வேலையைச் செய்ய அது 9 ஆம்பியர் இழுக்கிறது. காயிலில் பிறக்கும் சூடு கரண்டின் இருமடிக்கு, அதாவது கரண்டை அதனாலேயே பெருக்கி வரும் எண்ணுக்கு, ஏற்றபடி கூடும். கரண்ட் 20 சதவீதம் கூடினால் சூடு 44 சதவீதம் கூடும். அந்தச் சூட்டில் காயிலின் இன்சுலேஷன் மெல்ல மெல்லப் பொரிந்து, ஒருநாள் கம்பியும் கம்பியும் தொட்டுக்கொள்கின்றன.

அந்த 65 வோல்ட் எங்கே போனது? டிரான்ஸ்பார்மரிலிருந்து வயல்வரை வரும் கம்பியில்தான். லைன்மேன்கள் 'வீசல்' என்று சொல்லும் அலுமினியக் கம்பிக்குக் கிலோமீட்டருக்குச் சுமார் 0.9 ஓம் மின்தடை உண்டு. அரை கிலோமீட்டருக்கு 0.45 ஓம். இது ஒன்றுமே இல்லை என்று தோன்றும். கம்பியின் கோடியில் பத்து மோட்டார்கள் ஒன்றாக ஓடினால் கம்பியில் 75 ஆம்பியர் ஓடும். 75-ஐ 0.45-ஆல் பெருக்கினால் ஒவ்வொரு பேஸிலும் 34 வோல்ட் வழியிலேயே தொலைகிறது. பேஸ்களுக்கு இடையில் பார்த்தால் இந்த இறக்கம் இன்னும் பெரிது; 415 வோல்ட் சுமார் 355 ஆகிவிடும். மூன்று கம்பிகளிலும் வீணாகும் திறன் 7,600 வாட். இரண்டு 5 எச்.பி. மோட்டார்கள் செய்யக்கூடிய வேலை, காற்றைச் சூடாக்கிவிட்டுப் போகிறது. வோல்டேஜ் இறங்க இறங்க மோட்டார்கள் இன்னும் அதிகம் இழுப்பதால், உண்மையான நிலவரம் இதைவிட மோசம்.

அதே மின்சாரத்தை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் கரண்ட் 3 ஆம்பியருக்கும் குறைவு. அதே கம்பியில் இழப்பு சுமார் 11 வாட். 7,600 எங்கே, 11 எங்கே! இந்தக் கணக்கை நம்பித்தான் ஆந்திர மின்விநியோக நிறுவனங்கள், திருப்பதியைத் தலைமையகமாகக் கொண்ட தென் மண்டல நிறுவனம் உட்பட, 11 கே.வி. கம்பியை வயல்வரை கொண்டுபோய் 15, 25 கே.வி.ஏ. சிறு டிரான்ஸ்பார்மர்களை வைக்கத் தொடங்கின. ஒரு டிரான்ஸ்பார்மருக்கு மூன்று நான்கு மோட்டார்கள்தான். 11 கே.வி. கம்பியில் கொக்கி போட்டுத் திருட முடியாது. பழுதானால் யாருடையது என்பதும் தெரியும். கிராம மின்சாரத்தில் நடந்த நல்ல வேலைகளில் இதை முன்வரிசையில் வைப்பேன்.

விவசாயி கையிலும் சில இருக்கின்றன. மோட்டாருக்குப் பொருத்தமான கெப்பாசிட்டர் வைத்து, இழுக்கும் மின்சாரத்தில் உண்மையில் வேலைக்குப் பயன்படும் பங்கான திறன் காரணியை 0.7-இலிருந்து 0.9-க்கு உயர்த்தினால் கம்பி இழப்பு ஏறக்குறைய 40 சதவீதம் குறையும். இலவச மின்சாரத்துக்கு ஆந்திர அரசு வைத்த நிபந்தனைகளில் கெப்பாசிட்டரும் ஒன்று. பல இடங்களில் அது பெட்டியில் தொங்கும், ஒயர் இணைந்திருக்காது. மோட்டாரைத் தானாகக் கிளப்பும் ஆட்டோ ஸ்டார்ட்டரோ இன்னும் ஆபத்து. கரண்ட் வந்த நொடியில் ஊரிலுள்ள மோட்டார்களெல்லாம் ஒன்றாகக் கிளம்பினால், ஒவ்வொன்றும் வழக்கத்தைவிட ஐந்தாறு மடங்கு கரண்ட் இழுக்கும். அப்போது டிரான்ஸ்பார்மரே போய்விடும். கரண்ட் மிஞ்சினால் மோட்டாரை நிறுத்தும் ரிலே அடிக்கடி விழுகிறதென்று அதன் அளவை ஏற்றி வைப்பதும் காயிலை நாமே கொளுத்துவதற்குச் சமம்.

தாழ்வழுத்த இணைப்பில் வோல்டேஜ் 6 சதவீதத்துக்கு மேல் ஏறி இறங்கக் கூடாது என்பது விதி. 415-க்குக் கீழ் எல்லை 390. உங்கள் ஸ்டார்ட்டர் பெட்டியில் வோல்ட் மீட்டரும் ஆம்பியர் மீட்டரும் வேலை செய்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்தக் கோடைக்குள் மாற்றுங்கள். மோட்டார் ஓடும்போது இரண்டு எண்களையும் தேதி, நேரத்தோடு குறித்து வையுங்கள். 390-க்குக் கீழே போகிறதென்றால் அந்தத் தாளோடு உதவிப் பொறியாளரிடம் போய், கம்பியின் நீளத்தைக் குறைக்கவோ டிரான்ஸ்பார்மரை அருகில் கொண்டுவரவோ கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.