கடிதமும் கஜானாவும்

அதிகாலை நாலரை மணிக்கெல்லாம் மைக்கேல் மில்கன் மேஜைக்கு வந்துவிடுவார். இடம் கலிஃபோர்னியாவின் பெவர்லி ஹில்ஸ். நியூயார்க்கில் அப்போது ஏழரை. எக்ஸ் எழுத்துபோல் குறுக்கும் மறுக்குமாகப் போட்ட மேஜை, நடுவில் அவர், சுற்றிலும் போனும் கையுமாக ஆட்கள். 1980களில் கடன் வாங்கியாவது ஒரு கம்பெனியை வளைத்துவிட வேண்டும் என்று நினைத்த அமெரிக்கர்கள் இந்த மேஜையைத்தான் தேடி வந்தார்கள்.

வங்கிக்காரர்கள் இதை லீவரேஜ்டு ஃபைனான்ஸ் என்பார்கள். கடன் சுமை கனமாக இருக்கிற, அல்லது இனிமேல் கனக்கப்போகிற கம்பெனிக்குக் கூடுதல் வட்டியில் பணம் திரட்டித் தரும் தொழில். கம்பெனியை வாங்குகிறவர் கைப்பணம் கொஞ்சம்தான் போடுவார். மீதியெல்லாம் கடன்; அது, வாங்கப்பட்ட கம்பெனியின் தலையில் விழும். அதன் வருமானத்திலிருந்தே வட்டி போகும். கல்யாணக் கடனை வீட்டுக்கு வந்த மருமகளின் சம்பளத்தில் அடைக்கிற கணக்கு.

இந்தத் தொழிலில் யார் பலசாலி என்று அன்றைக்குக் கேட்டால் யோசிக்காமல் சொல்லிவிடலாம்: டிரெக்சல் பர்ன்ஹாம் லாம்பர்ட், மில்கன் வேலை பார்த்த இடம். ஜங்க் பாண்டை, அதாவது ஆபத்தும் வட்டியும் அதிகமான கடன் பத்திரத்தை, பரம்பரைப் பெருமை பேசிய வங்கிகள் தொடக் கூசிய காலம் அது. டிரெக்சலின் கஜானா ஒன்றும் பெரிதல்ல. எந்த இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம், எந்த மியூச்சுவல் ஃபண்டிடம், எந்தச் சேமிப்புச் சங்கத்திடம் இந்த வாரம் பணம் சும்மா கிடக்கிறது என்பது மில்கனுக்குத் தெரியும். பலம் என்பது அதுதான்.

அந்தப் பலத்தின் உச்சம் ஒரு கடிதம். 1985இல், கம்பெனிகளை வளைப்பதில் பேர்போன கார்ல் ஐகான், ஃபிலிப்ஸ் பெட்ரோலியம் என்ற எண்ணெய்க் கம்பெனிக்குக் குறிவைத்தபோது டிரெக்சல் எழுதிக் கொடுத்தது: இந்தப் பணத்தை எங்களால் திரட்ட முடியும் என்பதில் எங்களுக்கு மிகுந்த நம்பிக்கை உண்டு என்ற பொருளில். கவனித்துப் படித்தால் அதில் ஒரு டாலருக்குக்கூட உத்தரவாதம் இல்லை. ஆனாலும் எதிர்த்தரப்பு நடுங்கியது. செக்கைவிடச் சொல்லுக்கு மதிப்பு இருந்தது.

ஒருவர் தலைக்குள் இருக்கிற பலம் அவரோடு போய்விடும். 1987இல் மட்டும் சுமார் 55 கோடி டாலர் சம்பாதித்த மில்கன், 1990இல் பங்குச் சந்தைச் சட்ட மீறல்கள் உள்ளிட்ட ஆறு குற்றங்களை ஒப்புக்கொண்டார், பிறகு சிறை போனார். அவர் ஒப்புக்கொள்வதற்கு முன்பே, 1990 பிப்ரவரியிலேயே, டிரெக்சல் மஞ்சள் நோட்டீஸ் கொடுத்துவிட்டது.

அடுத்து வந்தவர் வேறு ரகம். கெமிக்கல் வங்கியின் ஜிம்மி லீ, பெரிய கடனை முதலில் தன் வங்கியின் பெயரில் ஏற்று, பிறகு பல வங்கிகளுக்கும் ஃபண்டுகளுக்கும் கூறுபோட்டு விற்றார். கெமிக்கல் பிற்பாடு சேஸ் ஆனது, 2000இல் ஜே.பி.மார்கனோடு சேர்ந்தது. டெபாசிட் வாங்கும் வங்கியையும் பத்திரம் விற்கும் வங்கியையும் 1933 முதல் பிரித்துவைத்த சட்டச் சுவரில் எஞ்சியிருந்ததும் 1999இல் இடிந்தது. கடிதம் இன்றும் உண்டு. ஆனால் அதன் பொருள் தலைகீழ்: யாரும் வாங்காவிட்டால் நாங்களே கொடுப்போம்.

இன்று வங்கிகளை ஒப்பிட ஆண்டுதோறும் தரவரிசைகள் வருகின்றன. கடன் தனி, பத்திரம் தனி, அமெரிக்கா தனி, ஐரோப்பா தனி. வாடிக்கையாளரிடம் விரிக்கும் காகிதத்தில் ஒவ்வொரு வங்கியும் ஏதாவதொரு பட்டியலில் முதலிடம்தான்! பத்திரத்தின் முகப்பில் இடது ஓரத்தில் யார் பெயர் என்பதற்கு நடக்கும் இழுபறி, கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடும் சண்டைக்குக் குறைந்ததல்ல. எனக்கு இந்தப் பட்டியல்களில் நம்பிக்கை குறைவு. எவ்வளவு விற்றார்கள் என்று அவை சொல்லும். விற்க முடியாதபோது எவ்வளவு தாங்குவார்கள் என்று சொல்லாது.

அதைச் சொன்னது 2022. வட்டி கிடுகிடுவென ஏறிய அந்த ஆண்டில், சிட்ரிக்ஸ் கம்பெனிக்காக ஏற்ற கடனைத் தள்ளுபடி விலையில் தள்ளிவிட்டதில் வங்கிகளுக்குப் பல கோடி டாலர் நஷ்டம். எலான் மஸ்க் ட்விட்டரை வாங்க ஏழு வங்கிகள் கொடுத்த 1,300 கோடி டாலரோ விற்கவே வழியில்லாமல் கணக்கேட்டில் கிடந்தது. மார்கன் ஸ்டான்லி முதலான வங்கிகள் இரண்டு வருஷத்துக்கு மேல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்து, 2025இல் கிட்டத்தட்ட முழு விலைக்கே விற்றன. அன்று அவசரப்பட்டிருந்தால் கையைச் சுட்டிருக்கும். அதே 2025இல் எலக்ட்ரானிக் ஆர்ட்ஸ் வீடியோ கேம் கம்பெனியை 5,500 கோடி டாலருக்கு வாங்கும் ஒப்பந்தத்தில், 2,000 கோடி கடனுக்கு ஜே.பி.மார்கன் ஒற்றை ஆளாகக் கையெழுத்திட்டது. மில்கனின் டிரெக்சல் கனவிலும் இதைச் செய்திருக்க முடியாது.

இதற்கிடையே கடையை வேறு இடத்தில் திறந்துவிட்டார்கள். டிரெக்சல் மூழ்கிய 1990இலேயே, அங்கிருந்து வெளியேறிய லியான் பிளாக், மார்க் ரோவன், ஜாஷ் ஹாரிஸ் மூவரும் அப்பல்லோவைத் தொடங்கினார்கள் (மருத்துவமனை அல்ல, முதலீட்டு நிறுவனம்). இன்று கம்பெனிகள் வங்கியைத் தாண்டி, இத்தகைய நிறுவனங்களிடம் நேராகவே கடன் வாங்குகின்றன. 2024இல் சிட்டி வங்கி அப்பல்லோவோடு 2,500 கோடி டாலருக்கு ஓர் ஏற்பாடு செய்துகொண்டது. கடன் கேட்கும் கம்பெனியைச் சிட்டி கொண்டுவரும். பணத்தை அப்பல்லோவும் அதன் கூட்டாளிகளும் போடுவார்கள். சிட்டிக்குக் கட்டணம் கிடைக்கும்.